சென்ட்ரலுக்கு அடியில் ஒரு சென்ட்ரல்

ராத்திரிச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு திருப்பூரில் ரயிலேறினால், பொழுது விடிகிற சமயத்தில் வண்டி நம்மைச் சென்னை சென்ட்ரலில் இறக்கிவிடும். சுமார் 450 கிலோமீட்டர். திருப்பூர்க்காரர்களுக்கு இது ஒன்றும் புதுப் பிரயாணமில்லை. பனியன் மூட்டையோடு போகிறவர்களும், பெண் வீட்டுக்குப் போகிறவர்களும், பெரிய டாக்டரைப் பார்க்கப் போகிறவர்களும் தினமும் போய்க்கொண்டுதான் இருக்கிறார்கள்.

ஆனால், வண்டியை விட்டு இறங்கிய பிறகு என்ன? அங்கேதான் கஷ்டம் ஆரம்பமாகும். வெளியே வந்தால் பூந்தமல்லி நெடுஞ்சாலை. பஸ்ஸும் காரும் ஆட்டோவும் கண்மண் தெரியாமல் பறக்கும். கையில் பையும், இடுப்பில் குழந்தையும், பக்கத்தில் வயதான மாமியாருமாக அந்தச் சாலை ஓரத்தில் நின்று பார்த்தவர்களுக்குத்தான் அந்த அவஸ்தை தெரியும்.

நான் அப்படி நின்றேன். போன மழைக்காலத்தில் ஒரு நாள்.

என் நாத்தனாருக்குத் தலைப்பிரசவம். தாய் வீட்டில்தான் நடக்க வேண்டும் என்று அத்தைக்கு ஆசை. ‘இந்த நிலையில் நீண்ட பிரயாணம் கூடாது’ என்று டாக்டரம்மாள் கண்டிப்பாகச் சொல்லிவிட்டதால், பெண் சென்னையிலேயே தங்கிவிட்டாள். குறித்த தேதிக்கு இரண்டு வாரம் முன்னாலேயே வலி எடுத்துவிட்டது என்றும், கீழ்ப்பாக்கத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறோம் என்றும் சாயங்காலம் போன் வந்தது. என் கணவருக்கு அன்றைக்கென்று ஷிப்டு. நானும் அத்தையும் கிடைத்த வண்டியில் ஏறிவிட்டோம். ராத்திரி முழுவதும் அத்தை கண்ணை மூடவில்லை.

சென்ட்ரலில் இறங்கினால் மழை கொட்டுகிறது! சாலையில் தண்ணீர் நிற்கிறது. கீழ்ப்பாக்கம் என்று சொன்னால் ஆட்டோக்காரர்கள் தலையை ஆட்டிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். “சுரங்க ரயிலில் போய்விடலாம் அத்தை, மூணே ஸ்டேஷன்தானுங்க” என்றேன்.

அத்தை என்னை ஒரு பார்வை பார்த்தார்.

“செத்தாத்தான் அம்மிணி மண்ணுக்குள்ள போகோணும். உசுரோட நான் வரமாட்டேனாக்கும்!”

வாசக நேயர்களே! உங்களில் பலருக்கும் அத்தையின் அபிப்பிராயம்தான் இருக்கும் என்று எனக்குத் தெரியும். சென்ட்ரல் வரைக்கும் பலமுறை போயிருப்பீர்கள். அதற்கு அடியில் இன்னொரு சென்ட்ரல் இருப்பதையும் கேள்விப்பட்டிருப்பீர்கள். ஆனால் இறங்கியிருக்க மாட்டீர்கள். ‘மூச்சு முட்டுமோ? வழி தவறிவிட்டால்? தண்ணீர் புகுந்துவிட்டால்?’ என்றெல்லாம் மனம் அடித்துக்கொள்ளும். எனவே, அத்தையோடு சேர்ந்து உங்களையும் கீழே அழைத்துப் போகிறேன். வாருங்கள்.

கீழே போக மேலே ஏறுவானேன்?

பெண்ணின் முகத்தைப் பார்க்கும் ஆசை பயத்தை ஜெயித்துவிட்டது. அத்தை ஒரு வழியாகச் சுரங்க நிலையத்தின் வாயிலுக்கு வந்தார். வந்ததும் முதல் கேள்வி: “கீழ போறதுக்கு எதுக்கு அம்மிணி மேல படி ஏறோணும்?”

நல்ல கேள்விதான்! வாயிலில் முதலில் சில படிகள் ஏறித்தான் பிறகு இறங்க வேண்டும். கிராமத்தில் கிணற்றைச் சுற்றி மேடை கட்டி, மழைத் தண்ணீர் உள்ளே விழாமல் தடுப்பதில்லையா? அதே யுக்திதான். சாலையில் தேங்குகிற வெள்ளம் உள்ளே புகாதபடி வாயிலை உயர்த்திக் கட்டியிருக்கிறார்கள். அன்றைக்குச் சாலையில் நின்ற தண்ணீர் அந்தப் படிகளைத் தாண்டவில்லை என்பதை அத்தையே பார்த்துக்கொண்டார்.

இறங்குவதற்கு மூன்று வழிகள். சாதாரணப் படிக்கட்டு ஒன்று, தானாக நகரும் படி ஒன்று, லிப்டு ஒன்று. நகரும் படியில் புடவைத் தலைப்பும் கொசுவமும் தொங்கவிடாமல் கையில் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். வயதானவர்களுக்கும், கைக்குழந்தைக்காரிகளுக்கும், மூட்டை முடிச்சோடு வருகிறவர்களுக்கும் லிப்டுதான் சௌகரியம். நாங்கள் லிப்டில் இறங்கினோம். கதவு திறந்தது. அத்தை மூக்கைப் பொத்திக்கொண்டு காலை வைத்தவர், மெதுவாகக் கையை எடுத்தார். குளுகுளுவென்று காற்று வந்தது!

மூன்று அடுக்கு வீடு

இந்த நிலையம் சாமான்யமானதல்ல. சுமார் 70,000 சதுர மீட்டர் பரப்பு. அதாவது ஏழரை லட்சம் சதுர அடிக்குக் கொஞ்சம் கூடுதல். சென்னையின் முதற்கட்டச் சுரங்க நிலையங்களில் இதுதான் பெரியது. ஆழம் சுமார் 25 மீட்டர். எட்டு மாடிக் கட்டிடம் ஒன்றைத் தலைகீழாகப் பூமிக்குள் செருகியதாக நினைத்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவு பெரிய இடத்தில் வழி தவறிவிடாதா என்றால், தவறாது. இது ஒரு மூன்று அடுக்கு வீடு. அந்த ஒன்றை நினைவில் வைத்துக்கொண்டால் போதும்.

முதல் அடுக்கு, வீட்டுக்குத் திண்ணை மாதிரி. யார் வேண்டுமானாலும் வரலாம், போகலாம். டிக்கெட் கொடுக்கும் இடம், டிக்கெட் தரும் இயந்திரங்கள், பைகளைச் சோதிக்கும் இடம் எல்லாம் இங்கேதான். ரயிலில் ஏறாமலே, ஒரு வாயிலில் இறங்கி இந்தத் திண்ணை வழியாக நடந்து, சாலைக்கு அந்தப் பக்கம் ஏறிவிடலாம். மேலே நடுங்கிக்கொண்டு கடக்கிற அதே பூந்தமல்லி நெடுஞ்சாலையைக் கீழே வம்பில்லாமல் கடக்கிறோம்! சென்ட்ரல் ரயிலடி, எதிரே இருக்கும் பார்க் ஸ்டேஷன், பெரிய ஆஸ்பத்திரி ஆகியவற்றுக்குப் போய் வருகிறவர்களுக்கு இது பெரிய உபகாரம்.

திண்ணைக்கும் உள்வீட்டுக்கும் நடுவே சிறு கதவுகள் வரிசையாக நிற்கின்றன. சீட்டில் அச்சிட்டிருக்கும் கட்டத்தையோ, பிரயாண அட்டையையோ காட்டினால் கதவு விலகும். அங்கிருந்துதான் கீழே இரண்டு அடுக்குகள். ஓர் அடுக்கில் நீல வழி ரயில், இன்னோர் அடுக்கில் பச்சை வழி ரயில். ஒன்றின் கீழ் ஒன்றாக அமைந்திருப்பதால் இரண்டு பாதைகளும் இடித்துக்கொள்ளாமல் கடந்து போகின்றன.

நீல வழி, வடக்கே விம்கோ நகரிலிருந்து தெற்கே விமான நிலையம் வரை போகிறது. வண்ணாரப்பேட்டை, மண்ணடி, உயர் நீதிமன்றம், அண்ணா சாலை எல்லாம் அதில்தான் வருகின்றன. ஜவுளிக்காரர்கள் இதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். எம்.சி. ரோட்டுத் துணிக்கடைகளுக்குப் போக வண்ணாரப்பேட்டையில் இறங்க வேண்டும். பச்சை வழி, சென்ட்ரலிலேயே புறப்பட்டு எழும்பூர், கீழ்ப்பாக்கம், அண்ணா நகர், கோயம்பேடு, வடபழனி வழியாகப் பரங்கிமலைக்குப் போகிறது. ‘நீலமா, பச்சையா?’ என்று தெரிந்துகொண்டு அந்த வர்ணத்தின் அம்புக்குறியைப் பின்பற்றினால் குழப்பமே இல்லை.

நாங்கள் பச்சையைப் பிடித்துக்கொண்டு போனோம்.

வெள்ளைக்காரன் விட்ட புகை

பூமிக்கடியில் ரயில் விடுகிற யோசனை யாருக்கு முதலில் வந்தது தெரியுமா? லண்டன்காரர்களுக்கு. அதில் ஒரு விசேஷம் கேளுங்கள்.

தென்னிந்தியாவின் முதல் பிரயாணிகள் ரயில், 1856ஆம் வருஷம் ஜூலை 1ஆம் தேதி சென்னை ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ஓடியது. அந்தப் பாதை மேற்கே நீண்டுகொண்டே வந்து, 1862ல் கோயமுத்தூரை அடுத்த போத்தனூரை எட்டியது. திருப்பூர்ப் பக்கம் ரயில் சத்தம் கேட்க ஆரம்பித்தது அந்தக் காலத்தில்தான். அதற்கு அடுத்த வருஷமே, 1863 ஜனவரி 10ஆம் தேதி, லண்டனில் பாடிங்டனிலிருந்து பாரிங்டன் வரை சுமார் 6 கிலோமீட்டர் தூரத்துக்கு உலகத்தின் முதல் சுரங்க ரயில் ஓடியது. முதல் நாளே சுமார் 38,000 பேர் ஏறினார்களாம். நாம் ‘புதுமை’ என்று பயப்படுகிற சுரங்க ரயிலும், பழக்கமான நம் ஊர் ரயிலும் கிட்டத்தட்ட ஒரே வயதுக்காரர்கள்தாம்!

நீராவி எஞ்சின் பூமிக்குள் ஓடினால் புகைக்குக் கேட்பானேன்? ஜனங்கள் இருமிக்கொண்டேதான் போனார்கள். 1890ல் லண்டனிலேயே மின்சாரச் சுரங்க ரயில் வந்த பிறகுதான் மூச்சுவிட முடிந்தது. அப்புறம் புடாபெஸ்ட் 1896ல், பாரிஸ் 1900ல், நியூயார்க் 1904ல், டோக்கியோ 1927ல், மாஸ்கோ 1935ல் என்று ஊருக்கு ஊர் பரவியது. 1940ல் லண்டன்மீது குண்டு மழை பொழிந்தபோது, தாய்மார்கள் குழந்தை குட்டிகளோடு இறங்கி ராத்திரி ராத்திரியாகப் படுத்துத் தூங்கியது இந்தச் சுரங்க ஸ்டேஷன் பிளாட்பாரங்களில்தான்.

நம் தேசத்தில் வழிகாட்டியது கல்கத்தா. 1984 அக்டோபர் 24ஆம் தேதி அங்கே முதல் சுரங்க ரயில் 3.4 கிலோமீட்டர் ஓடியது. சென்னை மெட்ரோவுக்கு மத்திய அரசு 2009ல் அனுமதி கொடுத்தது. 2015 ஜூன் 29ஆம் தேதி கோயம்பேட்டுக்கும் ஆலந்தூருக்கும் இடையே முதலில் ஓடியது, தூண்கள் மேல் போகும் ரயில்தான். அந்தத் தொடக்க நாளிலேயே ரயில் ஓட்டியவர்களில் ஒரு பெண்ணும் இருந்தார் என்பது நமக்குப் பெருமை. பூமிக்கு அடியில் முதல் ரயில் 2017 மே 14ஆம் தேதி திருமங்கலத்துக்கும் நேரு பூங்காவுக்கும் இடையே ஓடியது. சென்ட்ரலின் சுரங்க நிலையம் 2018 மே 25ஆம் தேதி திறந்தது.

பூமிக்குள் ஒரு நிட்டிங் மிஷின்

இதை எப்படிக் கட்டினார்கள்? நிலையம் ஒரு விதம். நிலையங்களுக்கு இடையே ரயில் போகும் குகை வேறொரு விதம்.

நெரிசலான பட்டணங்களில் நிலையம் கட்டுகிற முறை ஒன்று உண்டு. இடத்தைச் சுற்றிலும் குறுகலான, ஆழமான பள்ளம் தோண்டி, அதில் இரும்புக் கம்பிக் கூட்டை இறக்கிக் கான்கிரீட்டை ஊற்றுகிறார்கள். பூமிக்குள்ளேயே சுவர் எழும்பிவிடுகிறது. பிறகு மேலே தளம் போட்டு, அதன் அடியில் மண்ணை வாரி வாரி ஒவ்வோர் அடுக்காகக் கீழே இறங்குகிறார்கள். நாம் அஸ்திவாரத்திலிருந்து மேலே கட்டுவோம். அவர்கள் கூரையிலிருந்து கீழே கட்டுகிறார்கள்!

குகை தோண்டுகிற இயந்திரத்தைத் திருப்பூர்க்காரிகளுக்குச் சொல்வது சுலபம். நிட்டிங் மிஷின் பார்த்திருக்கிறீர்கள் அல்லவா? வட்டமாகச் சுற்றச் சுற்ற, தையலில்லாத குழாய்த் துணி கீழே இறங்கிக்கொண்டே இருக்கும். குகை இயந்திரமும் அந்த ஜாதிதான். முன்னால் பிரம்மாண்டமான வட்டத் தலை பற்களோடு சுழன்று மண்ணையும் பாறையையும் அரைத்துத் தள்ளும். பின்னால், முன்கூட்டியே வார்த்து வைத்த கான்கிரீட் துண்டுகளைப் பொருத்தி ஒவ்வொரு வளையமாகச் சேர்த்துக்கொண்டே வருவார்கள். முடித்த வளையத்தைக் காலால் உதைப்பதுபோல் உந்திக்கொண்டு இயந்திரம் முன்னே போகும். அது போன வழியெல்லாம் கான்கிரீட் குழாய். உள்ளே 5.8 மீட்டர் அகலம். போக ஒன்று, வர ஒன்று என்று இரட்டைக் குழாய்கள்.

கேட்பதற்குச் சுலபமாக இருக்கிறது. ஆனால் சென்னையின் பூமி லேசில் வழிவிடவில்லை. ஓரிடத்தில் மணல், ஓரிடத்தில் களிமண், ஓரிடத்தில் கருங்கல். 2015ல் அண்ணா சாலைப் பகுதியைக் கட்டி வந்தவர்களின் ஒப்பந்தமே ரத்தாகி, வேலை வெகுவாகத் தாமதப்பட்டது. 2017 ஏப்ரல் 9ஆம் தேதி அண்ணா சாலையில் திடீரென்று பள்ளம் விழுந்து, ஒரு பஸ்ஸும் காரும் அதில் இறங்கிவிட்டன. நல்ல வேளையாக உயிர்ச் சேதம் இல்லை. ஆனால் இந்த ரயில் வேலைகளில் உயிரை விட்ட தொழிலாளிகளும் உண்டு. பீகாரிலிருந்தும் ஒரிசாவிலிருந்தும் வந்து, சூரியனைப் பார்க்காமல் ஷிப்டு ஷிப்டாகத் தோண்டியவர்கள் எத்தனையோ பேர். அந்த ஊர்களிலிருந்துதான் இன்று நம் திருப்பூர்ப் பனியன் கம்பெனிகளுக்கும் பிள்ளைகள் வருகிறார்கள்.

பெருமாநல்லூரிலிருந்து வந்த தொடக்கம்

திருப்பூருக்கும் இந்த நிலையத்துக்கும் இன்னொரு சம்பந்தம் உண்டு. சென்னையில் இருப்பவர்களுக்கே இது ஞாபகம் இருக்குமோ என்னவோ!

2018ல் சென்ட்ரல் சுரங்க நிலையம் திறந்தபோது பச்சை வழி மட்டுமே ஓடியது. நீல வழி அடுக்கு காத்துக் கிடந்தது. டி.எம்.எஸ்.ஸிலிருந்து ஆயிரம் விளக்கு, எல்.ஐ.சி., சென்ட்ரல், உயர் நீதிமன்றம், மண்ணடி வழியாக வண்ணாரப்பேட்டை வரை போகும் சுமார் 10 கிலோமீட்டர் சுரங்கப் பாதை முடிந்த பிறகுதான் இரண்டு வழிகளும் சென்ட்ரலில் சந்தித்தன. 45 கிலோமீட்டர் கொண்ட முதற்கட்டமும் பூர்த்தியாயிற்று. அந்தப் பாதையை 2019 பிப்ரவரி 10ஆம் தேதி பிரதமர் நரேந்திர மோடி தொடங்கி வைத்தது சென்னையிலிருந்து அல்ல. திருப்பூரை அடுத்த பெருமாநல்லூரில் நடந்த விழா மேடையிலிருந்து, காணொளி மூலமாக!

துணி வெளுப்பவர்கள் குடியிருந்ததால் பெயர் பெற்ற வண்ணாரப்பேட்டைக்குப் போகிற ரயில், துணி பின்னுகிற ஊரின் பக்கத்திலிருந்து தொடங்கியது. பொருத்தமாகத்தான் இருக்கிறது, இல்லையா?

நிலையத்தின் பெயரும் மாறிற்று. மேலே 1873ல் திறந்த பழைய சென்ட்ரலுக்கு 2019லும், கீழே இருக்கும் மெட்ரோ நிலையத்துக்கு 2020லும் புரட்சித் தலைவர் டாக்டர் எம்.ஜி. ராமச்சந்திரன் பெயரைச் சூட்டினார்கள். எழுதும்போது நீளமான பெயர். ஜனங்கள் வாயில் என்னவோ இன்னமும் ‘சென்ட்ரல்’தான்.

கண்ணாடிச் சுவருக்கு முன்னால்

பிளாட்பாரத்துக்கு வந்த அத்தை தண்டவாளத்தைத் தேடினார். காணோம்! பிளாட்பாரத்தின் ஓரம் முழுவதும் தரையிலிருந்து உயரமான கண்ணாடித் தடுப்பு. ரயில் வந்து நின்ற பிறகு, ரயில் கதவுக்கு நேராக இருக்கும் கண்ணாடிக் கதவும் சேர்ந்து திறக்கும். துறுதுறுப்பான குழந்தைகளை வைத்திருக்கும் தாய்மார்களே, உங்கள் மனத்துக்கு இதைவிட நிம்மதி வேறு உண்டா? குளிர்ந்த காற்று வீணாகக் குகைக்குள் ஓடிவிடாமலும் இது தடுக்கிறது.

தரையில் மேடு மேடாக மஞ்சள் பட்டை ஒன்று நீண்டு போவதைப் பார்ப்பீர்கள். அது அலங்காரத்துக்கு அல்ல. கண் தெரியாதவர்கள் காலால் தடவி வழி கண்டுபிடிப்பதற்கு. அறிவிப்புகள் தமிழிலும் ஒலிக்கின்றன. ரயிலில் பெண்களுக்கென்று தனி இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். காற்றை உள்ளே தள்ளவும், தீ விபத்து நேர்ந்தால் புகையை வெளியே இழுக்கவும் பெரிய பெரிய விசிறிகள் இருக்கின்றன. ஒரு குகையில் ஆபத்து என்றால் பக்கத்துக் குகைக்குப் போய்விடக் குறுக்கு வழிகள் உண்டு.

இதையெல்லாம் நான் சொல்லச் சொல்ல அத்தை ‘ம்... ம்...’ என்று கேட்டுக்கொண்டிருந்தார். அவர் முப்பது வருஷம் பனியன் கம்பெனியில் செக்கிங் பார்த்தவர். ஓர் இழை விட்டிருந்தாலும் அவர் கண்ணுக்குத் தப்பாது. கண்ணாடித் தடுப்பையும், மஞ்சள் பட்டையையும், அம்புக்குறியையும் அந்தக் கண்ணாலேயே பரிசோதித்தார். கடைசியில் சொன்னார்: “பரவால்ல கண்ணு. நெனப்பா செஞ்சிருக்காங்க.”

ரயில் வந்தது. எழும்பூர், நேரு பூங்கா, கீழ்ப்பாக்கம். நான் கடிகாரத்தைப் பார்த்தேன். பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. ‘அதுக்குள்ளயா?’ என்றார் அத்தை.

நாங்கள் ஆஸ்பத்திரி வராந்தாவில் ஈரக் காலோடு நுழைந்தபோது பிரசவ அறைக் கதவு இன்னும் மூடித்தான் இருந்தது. உள்ளே கொண்டுபோவதற்கு முன் “அம்மா வந்துட்டாங்களா?” என்று கேட்டுக்கொண்டே இருந்தாளாம் என் நாத்தனார். நர்ஸம்மாள் கதவைத் திறந்து அத்தையை மட்டும் உள்ளே விட்டார். முக்கால் மணி கழித்து குழந்தை அழுகிற சத்தம் கேட்டது. பேத்தி!

இரண்டு மாதம் கழித்து, பெண்ணையும் பேத்தியையும் திருப்பூருக்கு அழைத்து வர மறுபடியும் சென்னை போனோம். இந்தத் தடவை நான் பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனேன். அத்தை முன்னால் போனார். சுரங்க நிலையத்தின் வாயிலில், பல்லடம் பக்கத்துப் பேச்சில் ஓர் அம்மாள் தன் பெண்ணோடு வாதாடிக்கொண்டிருந்தார். இறங்கமாட்டேன் என்று அவரும் பிடிவாதமாக நின்றார். அத்தை அவர் கையைப் பற்றிக்கொண்டார்.

“ஏனுங்க, பயப்படாம வாங்க. மொதல்ல திண்ணை, அதுக்குக் கீழ ரெண்டு அடுக்கு. நீலமா, பச்சையா, எங்க போகோணும் நீங்க?”